தப்பாக வைக்க வராத கை

லேப் அக்காவுக்கு வயது நாற்பத்து நான்கு. அதில் இருபத்தைந்து வருஷம் அந்தச் சாயப்பட்டறையின் லேபில், கழுவு தொட்டியின் முன்னால் நின்றபடியே போய்விட்டது. பத்தொன்பது வயதில் பீக்கர் கழுவ வந்தவள். இன்றும் அவள் அடையாள அட்டையில் 'ஹெல்பர்' என்றுதான் இருக்கிறது. ஆனால் பட்டறைக்குள் போய் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், துணி என்ன நிறத்தில் வெளியே போக வேண்டும் என்று முடிவு செய்வது யார் என்று. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, அவளைத்தான் காட்டுவார்கள்.

அவள் படித்ததெல்லாம் அந்தத் தொட்டியில்தான். எந்தச் சாயம் எவ்வளவு கலந்தார்கள் என்பது பீக்கரின் அடியில் ஒட்டியிருக்கும். எது தேறியது, எது தேறவில்லை என்பது குப்பைக் கூடையில் கிடக்கும் துண்டுத் துணியில் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் பார்த்து, ஐந்தாறு வருஷத்தில் துணியைக் கண்ணால் தொட்டதுமே "மஞ்சள் ஒரு துளி கூடிப்போச்சு சார்" என்று சொல்ல ஆரம்பித்தாள். முதலில் சிரித்தார்கள். பிறகு கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்கள் எல்லாரும் பதவி உயர்ந்து போனார்கள். அவள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அங்கே இரண்டு ஜாதி மனிதர்கள் உண்டு. ஸ்டாஃப், லேபர். ஸ்டாஃபுக்கு முன்வாசல், லேபருக்குப் பின்வாசல். ஸ்டாஃபுக்கு முதுகு சாய்கிற நாற்காலி, லேபருக்கு நிற்கக் கால். சாயமேறிய துணியின் நிறம் சரியா என்று எழுதும் ஷேடு கார்டின் அடியில் கையெழுத்துப் போடும் கட்டம் ஸ்டாஃபுக்கு மட்டும். அந்தக் கையெழுத்து விழாமல் ஒரு முழத் துணி பட்டறையை விட்டு நகராது. அதைப் போடுகிறவருக்கு 'அப்ரூவர்' என்று பெயர். பழைய அப்ரூவர் ஓய்வு பெற்றபோது அந்த இடத்தைக் கேட்டு லேப் அக்கா மேனேஜரின் அறைக்குப் போனாள். "டிகிரி மட்டும் இருந்திருந்தா யோசிக்காம போட்டிருப்பேன்மா" என்றார் மேனேஜர். அவருக்கு என்ன டிகிரி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அந்த இடத்துக்குத்தான் சின்னவர் வந்தார். முதலாளியின் அக்கா மகன். வெளிநாட்டில் சாயத் தொழிலே படித்தவர், நல்ல மாதிரி, யாரையும் அதட்டத் தெரியாது. வந்த முதல் வாரமே கருஞ்சிவப்புத் துணி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் பச்சை பிரமாதமா வந்திருக்கு" என்றார். லேபில் அப்போது நான்கு பேர் இருந்தார்கள். லேப் அக்காவுக்கு ஒரே நொடியில் விஷயம் விளங்கிவிட்டது. "சார் அந்தப் பக்கத்துத் துணியச் சொல்றாரு" என்று பச்சைத் துணியை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

மாலையில் எல்லாரும் போன பிறகு சின்னவர் தொட்டியருகே வந்து நின்றார்.

"அக்கா, எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாப் பிரியாது. மாமாவுக்கு மட்டும்தான் தெரியும். நீங்க என்னைக் காட்டிக் குடுத்துடாதீங்க."

முதலாளி வீட்டுப் பிள்ளை தன்னை அக்கா என்று கூப்பிட்டதில் அவள் உருகிப்போய்விட்டாள். அசட்டு மனசு. அன்றிலிருந்து மூன்று வருஷம், அவள் கண் பார்த்தது, அவர் கை கையெழுத்துப் போட்டது. துணியின் ஓரத்தை அவள் உள்பக்கம் மடித்து வைத்தால் தேறவில்லை, மடிக்காமல் வைத்தால் தேறியது. "உங்கள ஸ்டாஃப் ஆக்கறது என் பொறுப்பு அக்கா" என்று வருஷத்துக்கு இரண்டு தடவை சொல்வார். சொல்லும்போது நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார் என்று அவள் நம்பினாள். அந்த மூன்று வருஷத்தில் சின்னவருக்குக் 'கூர்மையான கண்' என்று வெளியில் நல்ல பெயர்.

மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் 'தாயின் பணி' என்ற இடத்தில் மகள் 'லேப் டெக்னீஷியன்' என்று எழுதியிருந்தாள். லேப் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "அடிச்சிட்டு ஹெல்பர்னு எழுது. நாளைக்கு யாராவது சரிபார்த்தா மானம் போயிடும்" என்றாள். மகள் அடித்துவிட்டு எழுதினாள். ஸ்டாஃப் ஆக வேண்டும் என்ற ஆசை அன்றைக்குத்தான் அவளுக்கு வெறியாக மாறியது.

இந்த நிலையில்தான் கடிதம் வந்தது. பட்டறையின் பாதிச் சரக்கை எடுத்துக்கொள்ளும் பெரிய கம்பெனி ஒன்று புது விதி போட்டிருந்தது. இனி யார் ஷேடு பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்களோ, அவர்கள் கண் பரீட்சையில் தேற வேண்டும். கம்பெனியே ஆள் அனுப்பும். பட்டறை ஒரே ஒரு பெயர் கொடுக்கலாம்.

பட்டறை கொடுத்த பெயர் சின்னவருடையது. வேறு யாருடையது இருக்கும்?

மறுநாள் மேனேஜர் லேப் அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவை.

"இங்க பாரும்மா. பரீட்சை ரொம்ப சிம்பிள். நாலு தட்டு. ஒவ்வொண்ணுலயும் பத்தொம்பது கலர் வில்லை. கலைஞ்சு கிடக்கும். நிறம் கொஞ்சம் கொஞ்சமா மாறுற மாதிரி வரிசையா அடுக்கணும். வில்லைக்கு அடியில நம்பர் இருக்கும், முடிச்சதும் திருப்பிப் பார்த்து மார்க் போடுவாங்க. தட்டுலேருந்து எடுத்து மேஜைல பரப்ப ஒரு ஆள் வேணும். அது நீதான்."

"பரப்பறதுக்கு நான் எதுக்கு சார்?"

மேனேஜர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். லேப் அசிஸ்டன்ட், ஸ்டாஃப் கிரேடு என்று டைப் அடித்திருந்தது. கீழே கையெழுத்து இல்லை.

"நீ பரப்புற விதத்துல பரப்பு. பரீட்சை முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் இதுல கையெழுத்து விழும்."

ஏற்பாட்டை யோசித்தது சின்னவர். புத்திக்குக் குறைச்சல் இல்லாத மனிதர். முதல் நிறம் ஏழாவது இடத்தில், இரண்டாவது நிறம் மூன்றாவது இடத்தில், மூன்றாவது பதினாறில் என்று பத்தொன்பது இடங்களுக்கும் ஒரு எண் வரிசை. அதை அவர் மனப்பாடம் செய்துகொள்வார். லேப் அக்கா தட்டைப் பார்த்து நிறங்களின் வரிசையைக் கண்ணாலேயே கணக்கிட்டு, அந்தந்த இடத்தில் வைக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கலைந்து கிடப்பது போல இருக்கும். அவர் நிறத்தையே பார்க்காமல் எண்ணி எண்ணி எடுத்து அடுக்கிவிடுவார். ஆக, பரீட்சையை எழுதுவது அவள், தேறுவது அவர்.

பத்து நாள் ஒத்திகை நடந்தது, துண்டுத் துணிகளை வைத்து. ஒரே ஒரு சிக்கல்தான் வந்தது.

"தட்டுக்கு ரெண்டு மூணு தப்பு விடுங்க அக்கா" என்றார் சின்னவர். "ரொம்பச் சுத்தமா இருந்தா சந்தேகம் வரும்."

அவள் முயன்றாள். நீலத்தில் இரண்டை இடம் மாற்றி வைத்தாள். அடுத்த துணிக்குப் போன கை, அவளைக் கேட்காமலே திரும்பி வந்து அவற்றைச் சரியாக மாற்றி வைத்தது. மறுபடி முயன்றாள். மறுபடி அதே கதை. பக்கத்தில் பொருந்தாத நிறம் இருந்தால், சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது போல அவளுக்கு உடம்பே கூசியது. கடைசியில், "அன்னைக்குப் பார்த்துக்கறேன் சார்" என்று சொல்லிவைத்தாள்.

வீட்டில் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அதே பட்டறையில் சாய மெஷின் ஓட்டுகிறவன். கை மணிக்கட்டு வரை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும்.

"செஞ்சிடு" என்றான். "மூணு வருஷமா சும்மா செஞ்சே. இப்ப அதுக்கு ஒரு தாள் தர்றாங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அவரு பாஸானா அந்த இடம் அவருக்கே நிலைச்சுடுங்க. அப்புறம் நான் ஆயுசுக்கும் அவருக்குக் கண்ணாத்தான் இருக்கணும்."

"செய்யலன்னா? உன் வேலை மட்டுமில்ல, என் வேலையும் அங்கதான் இருக்கு. ஞாபகம் வெச்சுக்க."

அவனைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவன் சொன்னதில் பொய் இல்லை.

பரீட்சை அன்று லேபின் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி மாட்டினார்கள். நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டிக்கு அடியில் வெள்ளை மேஜை. கம்பெனியிலிருந்து வந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும், தலை பாதி நரைத்தவர். நான்கு நீள மரத் தட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தார். வில்லைகளை வெறும் கையால் தொடக்கூடாதென்று மூன்று ஜோடி வெள்ளைக் கையுறையும் வைத்தார்.

"நீங்க ஏன் மேடம் சிரமப்படறீங்க? எங்க ஹெல்பர் எடுத்து வைப்பாங்க" என்றார் மேனேஜர், தேன் ஒழுக.

அந்த அம்மாள் லேப் அக்காவை ஒரு தடவை பார்த்தார். "சரி" என்றார். நாற்காலியில் சின்னவர். எதிரே நின்றுகொண்டு லேப் அக்கா. சுவரோரமாக மேனேஜர். வேறு யாரும் இல்லை.

முதல் தட்டு, ரோஜாவிலிருந்து மஞ்சள் வரை. லேப் அக்கா கையுறையை மாட்டினாள். தட்டை ஒரு பார்வை பார்த்தாள். இதுவரை அவள் பார்த்ததெல்லாம் துணி, நூல், அழுக்குத் தண்ணீர். இவ்வளவு சுத்தமான நிறங்களை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை. ஒரு கணம் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோய், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு கை ஓடியது. ஏழு, மூன்று, பதினாறு. எங்கே தப்பு விடலாம் என்று தேடினாள். ஆரஞ்சில் இரண்டை மாற்றினாள். கை திரும்பி வந்து சரி செய்தது. நேரமாகிறது. அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

சின்னவர் அடுக்கினார். இரண்டாவது தட்டு. மூன்றாவது. அவர் நெற்றியில் வியர்வை. உதடு லேசாக அசைந்தது. அதை அவள் பார்த்தாள், யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பதறினாள். தப்பு விட வேண்டும், தப்பு விட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. கை கேட்கவே இல்லை.

அந்த அம்மாள் மூன்று தட்டுகளையும் மூடிக் கவிழ்த்து எண்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பதினாலு வருஷமா இந்தத் தட்டைத் தூக்கிட்டு அலையறேன். மூணு தட்டுல ஒரு தப்புகூட இல்லாம இதுக்கு முன்னாடி ரெண்டே பேரைத்தான் பார்த்திருக்கேன்."

"எங்க சாருக்கு அப்படிக் கண்ணு மேடம்" என்றார் மேனேஜர்.

"அவங்க ரெண்டு பேரும் நிறத்தைப் பார்த்து அடுக்கினாங்க. இவரு எண்ணி அடுக்கறாரு." சொல்லிவிட்டு அவரே எழுந்து, நான்காவது தட்டின் வில்லைகளை மேஜையில் கொட்டி, கையுறைக் கையால் கலைத்தார். "இப்ப அடுக்குங்க சார்."

ஊதாவிலிருந்து ரோஜா வரை. ஊதாவுக்குள் இருக்கும் சிவப்பு சின்னவர் கண்ணுக்கு எட்டாது. அவர் ஒரு வில்லையை எடுத்தார், வைத்தார், மாற்றினார். லேப் அக்காவைப் பார்த்தார். அவள் என்ன செய்ய முடியும்? இரண்டு நிமிஷம் முடிந்தபோது தட்டு, பல் விழுந்து தாறுமாறாக முளைத்த வாய் போல இருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பினாள்.

"முதல் மூணு தட்டைப் பரப்பினது யாரு?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "இந்தம்மாதான் மேடம். ஸ்டாஃப் ஆகணும்னு ரொம்ப நாளா ஆசை. சாரைக் குளிர வைக்கலாம்னு தானாவே ஏதோ பண்ணியிருக்கு. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இன்னைக்கே நடவடிக்கை எடுக்கறேன்."

அந்த அம்மாள் சின்னவரிடம் திரும்பினார். "உங்களுக்கு?"

லேப் அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். மேனேஜர் பழியை அவள் தலையில் கட்டுவார் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு அவள் தயாராகக்கூட இருந்தாள். ஆனால் இவர் மூன்று வருஷமாக வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டவர்.

சின்னவர் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு, "தெரியாது மேடம்" என்றார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. "சார், கொஞ்சம் எழுந்திருங்க" என்றாள். ஏன் என்று கேட்காமலே சின்னவர் எழுந்தார். லேப் அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மேடம், நீங்களே இன்னொரு தடவை கலைச்சுப் போடுங்க."

"உங்க பேரு லிஸ்ட்ல இல்லையே. மார்க் போட முடியாது."

"மார்க் வேணாம். பார்த்துட்டு மட்டும் போங்க."

அந்த அம்மாள் ஒரு நொடி யோசித்தார். பிறகு கலைத்துக் கொட்டினார். லேப் அக்கா அடுக்கினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தட்டைக் கவிழ்த்துப் பார்த்தபோது எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்பது போல இருந்தன.

"இவ்வளவு திறமை இருந்தும் ஏன் இவருக்காகச் செஞ்சீங்க?" அந்த அம்மாள் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

பழியை மேனேஜர் பக்கம் முழுசாகத் தள்ளியிருக்கலாம். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. "ஸ்டாஃப் ஆக்கறேன்னு தாளைக் காட்டினாங்க. அந்தத் தாளுக்கு ஆசைப்பட்டுச் செஞ்சேன். தட்டுக்கு ரெண்டு தப்பு விடச் சொன்னாங்க. அது மட்டும் எனக்கு வரல."

அந்த அம்மாள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "பரீட்சைல மோசடின்னா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்மா. செஞ்சவருக்கும் உதவினவங்களுக்கும் ரெண்டு வருஷம் தடை. எங்க சரக்குல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட முடியாது. வேற ஆள் தேறுற வரைக்கும் ஷேடு எல்லாம் எங்க லேபுக்கு வரட்டும்." வாசல் வரை போனவர் நின்று, "எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார்.

விதி எல்லாருக்கும் ஒன்றுதான். நடந்ததைக் கேளுங்கள். சின்னவர் அந்த மாதமே விற்பனைப் பிரிவுக்குத் தலைவராக முன்கட்டிடத்துக்குப் போனார். விற்கிறவருக்கு நிறம் தெரிய வேண்டியதில்லையாம். லேப் அக்காவுக்கு மெமோ, மூன்று நாள் சஸ்பென்ஷன். அவளை ஒரேயடியாகத் துரத்தத்தான் மேனேஜர் நினைத்தார். மூன்றே நாளில் லேபில் பதினோரு சாம்பிள் தேங்கிவிட்டதால் வாலைச் சுருட்டிக்கொண்டார். டைப் அடித்த அந்தத் தாள் என்ன ஆனதென்று அவள் கேட்கவில்லை.

சாமான்களை எடுக்க வந்த சின்னவர், "மனசுல வெச்சுக்காதீங்க அக்கா" என்றார்.

"என்னை அப்படிக் கூப்பிடாதீங்க சார்" என்றாள். மூன்று நாள் வீட்டில் இருந்ததைவிட அதைச் சொன்னதுதான் அவளுக்கு வலித்தது.

அடுத்த மாதம் புது அப்ரூவர் வந்தார். டிகிரி உண்டு, கண்ணும் நன்றாக இருந்தது. பெரிய கம்பெனியின் பரீட்சையில் நேர்மையாகவே தேறியவர். ஆனால் அனுபவம் ஒன்றரை வருஷம். வந்த நான்காம் நாள் காலை, வேறொரு கம்பெனியின் பழுப்புத் துணி. நாலு டன் சரக்கு மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. சரி என்றால் சாயத் தண்ணீரை வடிக்க வேண்டும், இல்லையென்றால் உடனே சாயம் சேர்க்க வேண்டும். அரைமணிக்கு மேல் போனால் துணியே வீண். புதியவர் சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வியர்த்தார். தொட்டிக்கு வந்தார்.

"எல்லாரும் உங்களைத்தான் கேக்கச் சொல்றாங்க. இது சரியா இருக்கா பாருங்களேன்."

லேப் அக்கா கையில் பீக்கர். துணி கண்ணெதிரே. பார்க்காமல் இருக்க, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

"பார்த்தா கையெழுத்தும் நான்தான் போடுவேன் சார்."

"என்னது?"

"கையெழுத்து இல்லன்னா பாக்க மாட்டேன். என் வேலை பீக்கர் கழுவறது. கழுவிட்டிருக்கேன்."

புதியவர் மேனேஜருக்குப் போன் செய்தார். மேனேஜர் ஓடிவந்தார். கத்தினார். புருஷன் வேலையை ஞாபகப்படுத்தினார். ஒழுங்கு நடவடிக்கை என்றார். லேப் அக்கா பீக்கர் கழுவினாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். சுவரில் கடிகாரம் ஓடியது. பத்து நிமிஷம். பதினைந்து. மெஷின் பக்கத்திலிருந்து போன் மேல் போன். நாலு டன் துணி அவளுக்கும் துணிதான். அது கெட்டால் மெஷினில் நிற்கிறவனுக்குத்தான் முதல் அடி விழும்.

பதினெட்டாவது நிமிஷம், மேனேஜர் ஷேடு கார்டை மேஜைமேல் எறிந்தார். "பெரிய கம்பெனி சரக்குக்குத்தானே தடை. இதுல போட்டுத் தொலை."

அவள் கையைத் துடைத்தாள். பேனா அவளிடம் இல்லை. புதியவர் தன் பேனாவைக் கொடுத்தார். சாம்பிளை விளக்குப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். ஒரு நொடிதான். கட்டத்தில் எழுதினாள். 'சிவப்பு குறைவு. தேறவில்லை. சாயம் சேர்க்கவும்.' அதற்குக் கீழே தன் முழுப் பெயரையும், ஒவ்வோர் எழுத்தாக, கையெழுத்தாகப் போட்டாள்.

கார்டு மெஷினுக்குப் போன இரண்டாவது நிமிஷம் லேபில் போன் அடித்தது. அவளே எடுத்தாள்.

"எவன்யா அது?" மெஷின் இரைச்சலுக்கு மேலே கணவனின் குரல். "நாலு மணி நேர வேலையத் திருப்பிச் செய்யணும்! எவன் இதை ரிஜெக்ட் பண்ணது?"

"நான்தாங்க" என்றாள். "கீழ பேரைப் பாருங்க."